அடியளந்த பண்டிதர்

வகுப்பறைச் சுவரிலே தொங்கும் நிலப்படத்தில் மலைகள் பழுப்பு நிறமாகவும், ஆறுகள் நீலக் கோடுகளாகவும், ஏரிகள் நீலப் புள்ளிகளாகவும் காட்சியளிக்கின்றன. அவற்றைச் சுட்டிக் காட்டுதல் எளிது. ஒரு சிறு கோல் அதற்குப் போதும். ஆயின், அக்கோடுகளும் புள்ளிகளும் முதன்முதலில் படத்தில் ஏறுதற்கு எத்துணைக் கால்கள் தேய்ந்தன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வானூர்தியும் செயற்கைக்கோளும் தோன்றாத காலத்தில், இமயத்துக்கு வடக்கே பரந்து கிடக்கும் திபேத்து நாட்டின் நெடுவழியையும், பேராற்றையும், பனிசூழ் ஏரிகளையும் தம் காலடியாலேயே அளந்து கொணர்ந்தார் ஒருவர். அவர் படைத்தலைவர் அல்லர், பெருஞ்செல்வரும் அல்லர், மலையூர் ஒன்றில் சிறுவர்க்கு எழுத்தறிவித்த பள்ளி ஆசிரியர். நயின் சிங் ராவத் என்பது அவர் பெயர்.

இன்றைய உத்தராகண்ட மாநிலத்தின் பித்தோராகட் மாவட்டத்தில் சோகார் என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. கோரி கங்கை என்னும் ஆறு அதன் நடுவே பாய்கின்றது. அவ்வாறு பிறக்கும் பனியாற்றின் அடிவாரத்தில், 11,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், மிலம் என்னும் ஊர் அமைந்துள்ளது. அவ்வூர்க் குடியில் 1830ஆம் ஆண்டில் நயின் சிங் பிறந்தார். விளைநிலம் அருகிய அவ்வூரார்க்கு வணிகமே வாழ்வாக இருந்தது. கோடைக்காலத்தில் பனி உருகிக் கணவாய்கள் திறந்தவுடன், தானியத்தையும் துணியையும் ஆடுகளின் முதுகில் ஏற்றிக்கொண்டு திபேத்துக்குச் செல்வர். அங்கிருந்து உப்பும், கம்பளி மயிரும், வெங்காரமும் கொணர்வர். குளிர்காலத்தில் ஊரைப் பூட்டிவிட்டுத் தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் தங்குவர். ஆதலின், செங்குத்தான வழியில் மூச்சடக்கி நடத்தலும், பனிக்காற்றைத் தாங்குதலும், திபேத்து மொழி பேசுதலும் நயின் சிங்குக்கு இளமையிலேயே கைவந்தன.

அவர் இளைஞராக இருந்தபோது, சிலாகின்வைட் என்னும் குடிப்பெயர் கொண்ட செருமானியச் சகோதரர் மூவர் இமயத்தை ஆராய வந்தனர். 1855ஆம் ஆண்டு தொடங்கி அவர்களோடு நயின் சிங்கும் அவர் உறவினர் மணி சிங்கும் மலைநாடுகளிற் சுற்றினர். கருவிகளை நோக்கி அளவு குறிக்கும் கலையை நயின் சிங் அப்போது முதன்முதலாகச் சுவைத்தார். பின்னர் ஊர் திரும்பி, 1858ஆம் ஆண்டு முதல் மிலம் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். ஆசிரியரைப் பண்டிதர் என்றழைப்பது அந்நாட்டு வழக்கு. அச்சிறப்புப் பெயரே பிற்காலத்தில் உலகப் புலவர்கள் அவரை அறிதற்குரிய பெயராயிற்று.

அக்காலத்தில் நில அளவை பெரிதும் வளர்ந்திருந்தது. 1802ஆம் ஆண்டில் சென்னைக்கு அருகே பரங்கிமலைப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் என்பார் ஒரு நேர்கோட்டை நுட்பமாக அளந்தார். அதனை அடியாகக் கொண்டு முக்கோணத்தின்மேல் முக்கோணமாக வளர்ந்து சென்ற அவ்வளவை, அறுபது ஆண்டுகளுக்குள் இமயத்தின் முடிகளைத் தொட்டுவிட்டது. இமயத்துக்கு அப்பாலோ படம் வெறுமையாகவே கிடந்தது. அயலார் தம் நாட்டினுட் புகுதலைத் திபேத்தின் ஆட்சியாளர் தடுத்திருந்தனர். ஐரோப்பியர் எவரேனும் எல்லையை அணுகின் உடனே திருப்பி அனுப்பப்பட்டனர். மறைந்து சென்று அளப்போர் அகப்படின் அவர்தம் உயிர்க்கே இறுதி வரும். அத்தலைநகரமாகிய இலாசா எந்த அட்சரேகையில், எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதும் தெளிவாகத் தெரிந்திலது. நில அளவைத் துறையினராகிய மாண்ட்கோமரி என்பார், மலைவாழ் இந்தியரைப் பயிற்றி அனுப்பினால் இக்குறை நீங்கும் எனக் கருதினார். அதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டோருள் நயின் சிங்கும் மணி சிங்கும் தலையாயவர். 1863ஆம் ஆண்டில் இருவரும் தேராதூன் நகரிலிருந்த அளவை அலுவலகத்தை அடைந்தனர்.

அங்கே நயின் சிங் மீண்டும் மாணவரானார். விண்மீன்களை இனங்காணவும், கோணம் அளக்கும் கருவியைக் கையாளவும், திசையறி கருவியால் வழியின் போக்கைக் குறிக்கவும் கற்றார். இவை யாவற்றினும் அரிய பாடம் ஒன்று இருந்தது. அது நடத்தல் என்னும் பாடம். மேட்டில் ஏறினும், பள்ளத்தில் இறங்கினும், சமநிலத்திற் சென்றாலும் ஒவ்வொரு காலடியும் ஒரே நீளமாக அமைதல் வேண்டும். ஏறத்தாழ 2,000 காலடிகள் ஒரு மைல் ஆகும்படி அவர் தம் நடையைப் பழக்கினார். மலையேறுவோர் கால் தானே குறுகும். இறங்குவோர் கால் தானே நீளும். இயல்பாகிய அவ்வேறுபாட்டை வென்று, கால்களையே அளவுகோலாக ஆக்குதற்கு நெடுநாட் பயிற்சி வேண்டியிருந்தது.

எண்ணிய காலடிகளை மறவாதிருத்தற்கு ஒரு மாலை அவர்க்குத் துணையாயிற்று. பௌத்தர் செபமாலையில் 108 மணிகள் உண்டு. நயின் சிங்கின் மாலையில் 100 மணிகளே இருந்தன. நூறு காலடிக்கு ஒரு மணியாக அவர் தள்ளுவார். மாலை ஒருமுறை சுற்றி முடியின் 10,000 காலடிகள், அஃதாவது ஐந்து மைல் என்பது கணக்கு. துறவியர் கையிற் சுழற்றும் மந்திர உருளைக்குள் மந்திர ஏட்டுக்கு மாறாக அளவுக் குறிப்புகள் எழுதிய சீட்டுகள் ஒளிந்திருந்தன. எவரேனும் நெருங்கிப் பேச வரின், உருளையைச் சுழற்றி வழிபாட்டில் ஈடுபட்டார்போல் தோன்றுவார். வந்தவரும் இடையூறு செய்யாது விலகுவர். பெட்டியின் மறைவான அறையில் கோணம் அளக்கும் கருவியும், ஊன்றுகோலினுள் வெப்பமானியும், சோழிகளுக்குள் பாதரசமும் வைக்கப்பட்டிருந்தன.

இவற்றின் பயன் யாது என்பதையும் அறிதல் வேண்டும். விண்மீனின் உயரக்கோணத்தை அளந்தால் இடத்தின் அட்சரேகை புலனாகும். கடலிற் செல்வோர் அடிவானத்தை நோக்கி அக்கோணத்தை அளப்பர். மலைகள் சூழ்ந்த நாட்டில் அடிவானம் புலப்படாது. ஆதலின், உண்கலத்தில் பாதரசத்தை ஊற்றினால் அசைவற்ற கண்ணாடிபோல் அது அமையும். விண்மீனுக்கும் அதன் நிழலுக்கும் இடைப்பட்ட கோணத்தில் பாதியே வேண்டிய அளவாகும். உயரத்தை அறிய நீரைக் கொதிக்க வைத்தல் போதும். கடல்மட்டத்தில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், 15,000 அடி உயரத்தில் ஏறத்தாழ 85 பாகையிலேயே கொதித்துவிடும். தேநீர் காய்ச்சும் வழிப்போக்கரைப்போல அடுப்பின்முன் அமர்ந்து, நயின் சிங் மலையின் உயரத்தை அறிந்துகொண்டார்.

1865ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உறவினர் இருவரும் தேராதூனிலிருந்து புறப்பட்டு நேபாள நாட்டின் வழியாகத் திபேத்தை நோக்கிச் சென்றனர். எல்லைக் காவலர் அவர்களை ஐயுற்றுத் திருப்பிவிட்டனர். மணி சிங் வேறு வழியை நாடிப் பிரிந்தார். நயின் சிங்கோ மனந்தளராது, இலடாக்கு வணிகரைப்போல் உடையும் சடையும் புனைந்து மீண்டும் முயன்றார். அழைத்துச் செல்வதாகக் கூறி அவரிடம் பணம் பெற்ற வணிகர் ஒருவர் வஞ்சித்தார். அதனாலும் அவர் உள்ளம் உடையவில்லை. எல்லையைக் கடந்து, பிரமபுத்திரையின் மேற்பகுதியாகிய சாங்போ ஆற்றங்கரையை அடைந்து, அவ்வழியே வந்த வணிகச் சாத்து ஒன்றோடு கூடிக் கிழக்கே நடந்தார். 1866 சனவரியில் இலாசா நகரம் அவர் கண்முன் தோன்றியது.

கைப்பொருள் குறைந்தமையால், அந்நகரில் இருந்த நேபாள வணிகர்க்குக் கணக்கெழுதும் முறையைக் கற்பித்து உணவுக்கு வழி தேடிக்கொண்டார். எங்குச் சென்றாலும் ஆசிரியத் தொழில் அவரைக் கைவிடவில்லை. இரவுகளில் எவரும் அறியாது மேல்மாடத்தில் அமர்ந்து விண்மீன்களை அளந்தார். ஒருவர் இருவர் அவரை அயலார் என அறிந்துகொண்டபோதும், நல்லூழால் அவர்கள் காட்டிக் கொடுக்கவில்லை. அந்நகரில் ஒருவன் ஊரறியத் தலைவெட்டுண்டதை அவரே கண்டார். தமக்கு நேரக்கூடியது யாது என்பதை அன்று அவர் ஐயமின்றி உணர்ந்திருப்பார். ஆயினும் அளவையை அவர் நிறுத்தவில்லை.

1866 ஏப்ரல் 21ஆம் நாள் இலடாக்குக்குத் திரும்பும் சாத்து ஒன்றோடு அவர் மேற்கு நோக்கிப் புறப்பட்டார். அவ்வழி மானசரோவரத்துக்குச் செல்லும் வழி. ஆற்றை அடுத்தும் விலகியும் கிடந்த அந்நெடுவழியில் நாள்தோறும் நிலம் உயர்ந்துகொண்டே சென்றது. மரம் மறைந்தது; பின்னர்ப் புதரும் மறைந்தது. அடுப்பெரிக்கக் கவரிமாவின் உலர்ந்த சாணமன்றி வேறு விறகு இல்லை. வாற்கோதுமை மாவும், வெண்ணெயும் உப்பும் கலந்த தேநீருமே உணவு. பகலிற் கதிரவன் முகத்தைச் சுட, நிழலில் நின்ற கால் விறைக்கும். நண்பகலுக்குப் பின் எழும் காற்று மணலையும் நுண்பனியையும் வாரி எறியும். காற்றில் உயிர்வளி குறைந்தமையால் பத்தடி ஏறினும் நெஞ்சு படபடக்கும்; தலை நோகும்; துயிலும் பிடிக்காது. அத்துன்பங்களுக்கிடையே நூற்றுக்கு ஒரு மணி என அவர் விரல் தள்ளிக்கொண்டே இருந்தது.

சாங்போவின் நீர்ப்பரப்பையும் மானசரோவரத்தின் நீர்ப்பரப்பையும் பிரித்து நிற்பது மரியம் கணவாய். ஏறத்தாழ 17,000 அடி உயரமுள்ள அக்கணவாயில் ஏறி மேற்கே இறங்கி, சில நாள் நடந்தபின், சூன் திங்களின் இடைப்பகுதியில், இரு மாதக் காலடிகளின் முடிவாக மானசரோவரம் காட்சியளித்தது. ஏறத்தாழ 15,000 அடி உயரத்தில், 50 மைலுக்கு மேற்பட்ட சுற்றளவோடு, நன்னீர் நிறைந்து கிடக்கும் ஏரி அது. வடக்கே வெண்பனி போர்த்துக் கயிலைமலை நிற்கின்றது. அம்மலையை நோக்கி நடந்து நடந்து, கால் தேய்ந்தபின் கையாலும், அதன்பின் மார்பாலும் ஊர்ந்து சென்ற திருநாவுக்கரசர் வரலாற்றைப் பெரியபுராணத்தின் வாயிலாகத் தமிழர் அறிவர். நயின் சிங்கும் இளமையில் அவ்வேரியைக் கண்டவரே. ஆயினும் இம்முறை அவர் கண்ட காட்சி வேறு. இலாசாவிலிருந்து அக்கரை வரை உள்ள தொலைவு முழுவதும் அவர் கைமாலையில் எண்ணாகி நின்றது.

பின்னர்ச் சாத்தைப் பிரிந்து, பனி மூடிய கணவாயைக் கடந்து இந்திய எல்லைக்குள் வந்தார். அவ்வாண்டு அக்டோபரில் தேராதூனை அடைந்தார். அவர் அளந்த வழி 1,200 மைல். ஒரு மைலுக்கு 2,000 காலடி எனக் கொண்டால் 24 இலட்சம் காலடிகளை அவர் எண்ணியிருத்தல் வேண்டும். இலாசாவின் அட்சரேகை 29 பாகை 39 கலை என அவர் கண்டது இக்காலக் கருவிகள் காட்டும் அளவோடு பொருந்துகின்றது. உயரத்திலும் சில நூறு அடிகளே வேறுபாடு.

இங்கே மாணவர் உற்று நோக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. நயின் சிங் நடந்த வழியில் அவர் எண்ணிக்கையைச் சரிபார்ப்பார் எவரும் இலர். களைத்த நாளில் நூறு காலடியை ஊகித்து ஒரு மணியைத் தள்ளியிருந்தால் அதனை அறிவார் யார்? பனிமூட்டத்தில் எண்ணிக்கை தவறிய இடத்தை ஓர் எண்ணால் நிரப்பியிருந்தால் கேட்பார் யார்? ஆயின், அவ்வாறு செய்திருப்பின் ஆறு தன் இடம் மாறிப் படத்தில் ஓடியிருக்கும். ஏரி இல்லாத இடத்தில் ஏரி தோன்றியிருக்கும். காண்பார் இல்லாத இடத்திலும் தம் கணக்கிற் பிழை நுழையாது காத்தமையே அவர் செய்த அருஞ்செயல்.

1867ஆம் ஆண்டில் அவர் மீண்டும் மேற்குத் திபேத்துக்குச் சென்று, 16,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள தோக் சாலுங் என்னும் பொற்சுரங்கத்தைக் கண்டு வந்தார். அங்குள்ளோர் கடுங்காற்றுக்கு அஞ்சி நிலத்தைக் குழியாகத் தோண்டி அதனுள் கூடாரம் அமைத்து வாழ்ந்தனர்.

அவர்தம் இறுதிப் பயணமே மிக நீண்டது. 1874 சூலை 15ஆம் நாள் இலடாக்கின் தலைநகராகிய லே நகரிலிருந்து துணைவர் சிலரோடு அவர் புறப்பட்டார். சுமை சுமக்க அவர் கொண்டது குதிரைகளை அன்று, 26 ஆடுகளை. எல்லையைக் கடந்ததும் துறவியர் கோலம் பூண்டார். 13,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், மலைகளினூடே நீண்டு கிடக்கும் பாங்காங் ஏரியின் கரையே முதல்வழி. அவ்வேரியின் மேற்குப் பகுதி உவர்நீராகவும் கிழக்குப் பகுதி நன்னீராகவும் இருத்தலை அவர் குறித்தார். அதற்குக் கிழக்கே, படத்தில் வெறுமையாகக் கிடந்த வடதிபேத்து மேட்டுநிலம் விரிந்தது. அங்கே ஊர் இல்லை, உழவும் இல்லை. கவரிமாவின் கரிய மயிராற் செய்த கூடாரங்களில் இடையர் சிலர் வாழ்ந்தனர். ஏரிக்குப்பின் ஏரியாக ஒரு வரிசை அவ்வழியிற் புலப்பட்டது. தாங்ரா யும் என்னும் ஏரியைத் தாயாகவும், அதன் அருகில் நிற்கும் பனிமலையைத் தந்தையாகவும் அந்நாட்டார் போற்றக் கண்டார். ஏரி பல உவர்நீர் கொண்டிருந்தமையால் கரையில் நின்றும் பருக நீரின்றி வருந்த நேர்ந்ததும் உண்டு.

நவம்பரில் நாம்சோ ஏரியை அடைந்தார். 15,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள அப்பெரிய ஏரி, உவர்நீர் உடையதாயினும் அத்திங்களிலேயே உறையத் தொடங்கியது. தெற்கே பனிமுடிகள் வரிசையாக நின்றன. லேயிலிருந்து 1,000 மைலுக்கு மேல் சுமை சுமந்து வந்த ஆடுகளுள் நான்கைந்தே அக்கரையை அடைந்தன. எஞ்சியவை வழியிலே வீழ்ந்தன. வாயில்லா அவ்வுயிர்களும் அந்நிலப்படத்துக்கு விலை கொடுத்தவை என்பதை நாம் மறத்தலாகாது.

நவம்பர் 18ஆம் நாள் அவர் இலாசாவுக்குள் நுழைந்தார். அங்கே தம்மை அறிந்த ஒருவர் இருத்தலைக் கண்டு, இரண்டு நாளுக்கு மேல் தங்காது வெளியேறினார். வெளியேறுமுன் தம் உயிரினும் மேலாகக் கருதிய அளவுக் குறிப்புகளைத் துணைவர் இருவரிடம் ஒப்படைத்து லே நகருக்கு அனுப்பினார். தாம் அகப்படினும் தம் உழைப்பு அகப்படலாகாது என்பது அவர் கருத்து. பின்னர்த் தெற்கே திரும்பி, தவாங் என்னும் இடத்தில் ஏறத்தாழ இரண்டு திங்கள் தடுத்து வைக்கப்பட்டு, 1875 மார்ச்சு முதல் நாள் அசாமிலுள்ள உதல்குரியை அடைந்தார். அப்பயணத்தில் அவர் நடந்தது 1,400 மைலுக்கு மேல்.

அத்துடன் அவர்தம் நடை ஓய்ந்தது. பன்னாள் பனியொளியை நோக்கியும், இரவுதோறும் விண்மீன்களை அளந்தும் அவர் கண்கள் ஒளி குன்றின. உடல்நலமும் குறைந்தது. 1877ஆம் ஆண்டில் இலண்டன் அரச நிலவியற் கழகம் தன் பொற்பதக்கத்தை அவர்க்கு அளித்தது. ஆசிய நிலப்படத்துக்கு அக்காலத்தில் அவரைப்போல் பயன் சேர்த்த தனிமனிதர் பிறர் இலர் என அறிஞர் மதித்தனர். அரசு அவர்க்கு ஓர் ஊரை மானியமாக வழங்கியது. அவரோ ஓய்ந்திருக்கவில்லை, தம்பின் மலைக்குச் செல்லவிருந்த இளைஞர்க்கு அளவைக் கலையைப் பயிற்றினார். ஆசிரியராகத் தொடங்கிய வாழ்வு ஆசிரியராகவே நிறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிதற்கு முன்னரே அவர் மறைந்தார். 2004ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை அவர் உருவம் பொறித்த தலையை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது.

நயின் சிங் வேடம் புனைந்தே சென்றார் என்பதை மறைத்தற்கில்லை. அவரை நம்பி உணவும் இடமும் அளித்த திபேத்தியர் அவர் யார் என்பதை அறிந்திலர். அயலாரைத் தடுத்தற்கு அந்நாட்டார் அஞ்சிய அச்சமும் வீணன்று. 1904ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை இலாசாவினுட் புகுந்தது. அறிவைத் தேடுவோர் ஒருவர். அதனைப் பயன்கொள்வோர் மற்றொருவர். தேடிய அறிவு எவர் கைக்குச் செல்லும், எதற்குப் பயன்படும் என்னும் வினா அன்றும் இருந்தது, இன்றும் இருக்கின்றது. நன்மாணவர் அவ்வினாவையும் நெஞ்சிற்கொண்டே கல்வியை நாடுதல் வேண்டும்.

மிலம் ஊரின் வணிகம் 1962ஆம் ஆண்டுப் போருடன் நின்றது. கல்லாற் கட்டிய பழைய வீடுகள் பல இன்று ஆளின்றிக் கிடக்கின்றன. எனினும், அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் அளந்த வழி நிலப்படத்தில் நிலைபெற்றுவிட்டது. உயர்ந்த மலையையும் தொலைவான ஏரியையும் ஒருவர் ஒரே நாளில் அடைதல் இயலாது. முதல் நூறு காலடியைப் பிழையின்றி எண்ணுதல் எவர்க்கும் இயலும். அடுத்த நூற்றையும் அவ்வாறே எண்ணுவோர்க்கு எந்த ஏரியும் எட்டாத் தொலைவில் இல்லை.